வயிற்றுத் துண்டும் ஒற்றை மூச்சும்

தம்பிகளே, கிளாரினெட் வரிசையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு தங்கைகளே, டிரம்பெட் ஊதுவது எப்படி என்று சொல்லித்தர நான் இதை எழுதவில்லை. அதற்கு உங்கள் கையில் போன் இருக்கிறது. உதட்டை எப்படி வைப்பது, எந்தச் சுரத்துக்கு எந்த வால்வை அமுக்குவது, வால்வு ஒட்டிக்கொண்டால் என்ன எண்ணெய் விடுவது, எல்லாவற்றையும் அதில் வெள்ளைக்காரர்களே வந்து பொறுமையாகச் சொல்கிறார்கள். ஆரப்பாளையத்தில் நம் பேண்டு செட்டின் கொட்டகையில் நான் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த ஒரே பாடம், "சத்தமா ஊதுய்யா" என்பதுதான். அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டே பாதிக்குமேல் ஓட்டி, மொத்தம் முப்பத்தொரு வருடம் ஊதிவிட்டு, போன வருடம்தான் டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்தேன்.

சீசன் தொடங்குமுன் புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டவர் இப்போதைய மாஸ்டர். "அந்தக் காதுகுத்துக் கதையை எழுதுங்கண்ணே. பயலுக மெரண்டுருவாய்ங்க" என்றார். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு காதுகுத்தில், ஒற்றை மூச்சில் சுரத்தைப் பிடித்து நின்று எதிர்செட்டின் வாயை அடைத்தேன் என்று கொட்டகையில் ஒரு கதை உலவுகிறது இல்லையா, அதுதான். எழுதுகிறேன். நீங்கள் கேட்டதும் நான் எழுதுவதும் ஒன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

முதலில் துண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊர்வலம் நீளமானது என்றால், கோட்டுக்குள்ளே ஈரத்துண்டை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்வது அந்நாளில் எங்கள் வழக்கம். ஒரு முனையை இன்னொருவர் பிடித்துக்கொள்வார், நாம் பம்பரம்போல் சுற்றிக்கொண்டே போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். வயிறு தொளதொளவென்று இருந்தால் மூச்சு கீழே இறங்கி வீணாகிவிடுமாம். கட்டிவிட்டால் மொத்தக் காற்றும் நெஞ்சிலேயே நின்று ஒரே பாய்ச்சலாக வெளியே வருமாம். இதைக் கண்டுபிடித்த மேதை யாரென்று தெரியாது. டிரம் அடிக்கிறவராகத்தான் இருக்கவேண்டும்.

செட்டில் சேர்ந்த முதல் வருடம், கோரிப்பாளையம் சந்திப்பில் யாரோ ஒரு தலைவருக்கு வரவேற்பு. நல்ல வெயில். தலைவர் வந்துவிட்டார் என்று மூன்று முறை வாசிக்கச் சொன்னார்கள். மூன்று முறையும் வந்தது வேறு யாரோ. நாலாவது முறை நிஜமாகவே வந்தார். நானோ அதற்குள் தொண்டையை இறுக்கி, தோளைத் தூக்கி, கழுத்து நரம்பு விரல் கனத்துக்குப் புடைக்க ஊதி முடித்திருந்தேன். நாலாவது தடவை வாசிக்கும்போது உச்சத்தில் வரும் ஒரு சுரத்தைப் பிடித்ததுதான் நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது நான் ஒரு பூக்காரம்மாவின் கூடைமேல் கிடந்தேன். "எந்திரிய்யா, மல்லி பூராம் நசுங்குது" என்றார் அந்த அம்மா. தலைவர் அதற்குள் போய்விட்டார்.

அன்று யாராவது என் தலையில் தட்டி, "மூச்சை அடக்கிக்கிட்டு ஊதுனா மயக்கம் வராம என்ன வரும்?" என்று கேட்டிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்கும். யாரும் கேட்கவில்லை. "ஊதி ஊதியே விழுந்துட்டான்யா, இவன்தான்யா வேலைக்காரன்" என்று கொட்டகையே கொண்டாடியது. நானும் மகிழ்ந்துபோய் அடுத்த ஊர்வலத்துக்குத் துண்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். பார்க்கிற சனமும் லேசுப்பட்டதா? முகம் சிவக்காமல் சிரித்துக்கொண்டே ஊதினால், ஏதோ ஏமாற்றுகிறான் என்று நினைக்கும். கண் பிதுங்கினால்தான் கைதட்டும்.

இப்படிக் கைதட்டு வாங்கி வாங்கியே முதல் டிரம்பெட் ஆனேன். முதல் டிரம்பெட் என்றால் செட்டுக்கு முகம் மாதிரி. வரிசையில் முன்னால் நடப்பவர், பாட்டை எடுத்துக் கொடுப்பவர், மற்றவர்கள் மூச்சு வாங்கும்போதும் வாங்காமல் நிற்பவர். "மூச்சு வாங்குது" என்று மட்டும் முதல் டிரம்பெட் சொல்லவே கூடாது. நான் சொன்னதே இல்லை.

நாற்பது தாண்டிய பிறகு ஒருநாள் குளிக்கும்போது, வலது தொடைக்கு மேலே ஒரு வீக்கம் கையில் தட்டுப்பட்டது. படுத்தால் உள்ளே போனது, ஊதினால் வெளியே வந்தது. மருத்துவமனைக்குப் போனேன். ஒரு பெண் டாக்டர் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். எப்படி ஊதுவீர்கள் என்று கேட்டார். உற்சாகமாகத் துண்டு கட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மேல தொண்டையை அடைச்சுக்கிறீங்க. நடுவுல துண்டைக் கட்டி இறுக்கிக்கிறீங்க. அப்புறம் முக்குறீங்க. அந்த அழுத்தம் எங்கதான் போகும்? பழைய சைக்கிள் டியூப் எங்க நைஞ்சிருக்கோ அங்கதான முட்டிக்கிட்டு வரும்? இது குடலிறக்கம். ஆபரேஷன் பண்ணிக்கங்க. அதுவரைக்கும் ஊதவே கூடாது. குடல் வெளிய வந்து மாட்டிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

"வைகாசி முடியட்டும்மா" என்றேன்.

"வைகாசிக்கும் குடலுக்கும் என்னங்க சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. வைகாசி வரை முகூர்த்தங்கள் வரிசையாக இருந்தன. நான் ஒரு மாதம் உட்கார்ந்தால் என் இடத்தில் இன்னொருவர் நிற்பார். ஒரு மாதம் நின்றவர் அப்புறம் நகரமாட்டார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அப்படித்தான் அந்த இடத்துக்கு வந்தேன். என் மனைவி ஸ்டெல்லா மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். ஒரு காகிதத்தில் இரண்டு எழுத்து விடுபட்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்டபோது, "கேஸாம், வாயுவாம். பூண்டு சாப்பிடச் சொன்னாங்க" என்றேன். பாவம், மூன்று வாரம் பூண்டுக்குழம்பாக வைத்துப் போட்டாள்.

அந்த வைகாசியில்தான் அலங்காநல்லூருக்கு மேற்கே அந்தக் காதுகுத்து வந்தது. நம் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அந்தக் குழந்தைக்குத் தாய்மாமன்கள் இரண்டு பேர். ஒரு வாய்க்கால் தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தையை நிறுத்தி நாலு வருடம் ஆகியிருந்தது. யார் மடி என்று பெற்றவளால் முடிவு சொல்ல முடியவில்லை. "யாரு சீரு மொதல்ல பந்தலுக்கு வருதோ, அவுக மடி" என்று சொல்லிவிட்டாள். பெரிய மாமன் எங்கள் செட்டைப் பிடித்தார். சின்ன மாமன் கோரிப்பாளையத்துச் செட்டைப் பிடித்தார். வாழைத்தார், பழத்தட்டு, சீர்வரிசைக் கிடா எல்லாம் இரண்டு இரண்டாக மதுரையிலிருந்து கிளம்பின.

பெரிய மாமன் நல்ல உயரம், மீசையும் உயரம். கிளம்புமுன் என்னிடம் வந்து தோளைப் பிடித்தார். "யோவ் டிரம்பெட்டு, அவன் செட்டு வாயை மூடுற வரைக்கும் நீ மூடக் கூடாது, ஆமா. எம்புட்டு நேரமானாலும் சரி."

"அது எங்க பொறுப்புண்ணே" என்றேன். கோட்டுக்குள் துண்டு நாலு சுற்று.

இரண்டு ஊர்வலமும் ஊர்ப் பொதுவெளியான மந்தையில் முட்டிக்கொண்டன. அங்கிருந்து பந்தலுக்கு ஒரே தெரு, ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். இரண்டு செட்டுகள் இப்படி எதிர்ப்பட்டால் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. பாட்டை முடித்து இரண்டு முதல் டிரம்பெட்டும் கடைசிச் சுரத்தைப் பிடித்து நிற்கும். யார் முதலில் வாயிலிருந்து இறக்குகிறாரோ அவர் செட்டு ஒதுங்கி வழிவிட வேண்டும். எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனாலும் மீறியவர்களை நான் பார்த்ததில்லை.

எதிரே நின்றவர் என் வயதுக்காரர், ஒல்லி, கோரிப்பாளையம் பாய். எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டதால் அவர் பெயர் எனக்கு வெகுநாள் தெரியாது. அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவார். கன்னம் உப்பினால் ஊதத் தெரியாதவன் என்று எங்கள் கொட்டகையில் ஒரு கிண்டல் உண்டு. பலூன்காரர்தானே, பத்து எண்ணுவதற்குள் இறக்கிவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் இறக்கவில்லை. பத்து எண்ணியாயிற்று, இருபது எண்ணியாயிற்று. அவர் கன்னம் உப்பியபடியே இருந்தது, முகத்தில் வியர்வைகூட இல்லை. எனக்குக் காதுக்குள் மெஷின் ஓடுவதுபோல் ஒரு இரைச்சல். மந்தையின் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன. வலது தொடைக்கு மேலே ஏதோ எலுமிச்சம்பழம்போல் இறங்கி நின்றது தெரிந்தது. வலது கையால் மட்டும் டிரம்பெட்டைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் அந்த இடத்தை அமுக்கினேன். இறக்கிவிடு என்று உடம்பு கெஞ்சியது. டாக்டர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக நினைவு வந்தது. மீசைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறக்கவில்லை. இன்றைக்கு யோசித்தால், ஒரு குழந்தையின் காதுக்காக என் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பன் இல்லாமல் செய்யத் துணிந்திருக்கிறேன். அதற்குப் பெயர் வீரம் என்று அன்று நினைத்தேன்.

பாய் இறக்கினார்.

சட்டென்று, நடுவிலே, ஏதோ நினைவு வந்தவர்போல் டிரம்பெட்டைக் கீழே இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். எங்கள் பக்கம் விசில் பறந்தது. பெரிய மாமனின் ஆட்கள் நாலு பேர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில்தான் உயிர் போகிற வலி என்றால் என்ன என்று தெரிந்தது. என் அலறலை அவர்கள் சந்தோஷக் கூச்சல் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு குலுக்குக் குலுக்கினார்கள்.

பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். எங்கள் பெரிய டிரம்காரர் மாரிதான் கோட்டைக் கழற்றினார். துண்டின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் வாழையிலைக் கத்தியால் அறுத்தார். கீழே வீங்கிக் கல்லாக இருந்ததைப் பார்த்ததும், "ஏய், வண்டியை எடுங்கடா" என்று கத்தினார். சீர் கொண்டுவந்த சின்ன லோடு வண்டிதான் கிடைத்தது. வாழைத்தார்களுக்கு நடுவே என்னைக் கிடத்தினார்கள். அவசரத்தில் கிடாவை இறக்க மறந்துவிட்டார்கள். மதுரை வரைக்கும் அது என் முகத்துக்கு நேரே நின்று அசைபோட்டுக்கொண்டே வந்தது. அதற்கும் எனக்கும் அன்றுதான் கடைசி நாள் என்று நினைத்துக்கொண்டேன். அது தப்பித்ததா என்று இதுவரை விசாரிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் முடிந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கவேண்டி வந்திருக்கும் என்றார்கள். ஸ்டெல்லா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் கண் விழித்ததைப் பார்த்தும் ஜெபத்தை முழுதாக முடித்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"கேஸுன்னு சொன்னீங்களே?"

ஜெபமாலையை மடித்துப் பைக்குள் வைத்தாள். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் பாய் வந்தார். கையில் ஒரு இளநீர். வெட்டிக் கொண்டுவரவில்லை, முழுக்காய். ஆஸ்பத்திரியில் அதை யார் வெட்டுவது என்ற யோசனையே அவருக்கு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"இப்ப எப்படிண்ணே இருக்கு?"

"இருக்கு பாய். நீங்க அன்னைக்கு நல்லாத்தான் ஊதுனீங்க" என்றேன். ஜெயித்தவன் தோற்றவருக்குச் சொல்கிற ஆறுதல். அந்த நிலையிலும் எனக்குக் கொழுப்பைப் பாருங்கள்.

பாய் சிரித்தார். "ஊதுறது இருக்கட்டும். ஒங்க சத்தம் ஏறிருச்சுண்ணே. சுருதி கொஞ்சம் மேல போயிருச்சு. தொண்டை அடைச்சாத்தான் அப்படி ஏறும். சரி, மூச்சு முடியப்போகுதுன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா ஒங்க இடது கை கீழ போகுது. எங்க மச்சானுக்கும் இதேதான் இருந்துச்சு. கையைப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு. இந்த மனுசன் இறக்க மாட்டாரு, மௌத்தானாலும், உசுரே போனாலும் இறக்க மாட்டாருன்னு பட்டுச்சு. அதான் நான் இறக்கிட்டேன்."

படுத்திருந்தவன் தலையைத் தூக்கினேன். "ஒங்களுக்கு மூச்சு இருந்துச்சா?"

"சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு" என்றார், ரொம்பச் சாதாரணமாக. "சின்ன வயசுல நகைப் பட்டறையில இருந்தேன்ணே. ஊதுகுழல் வச்சு நெருப்பை ஊதணும். நடுவுல விட்டா பத்தவைப்பு போயிரும். கன்னத்துல காத்தை நிறுத்தி வாயால ஊதிக்கிட்டே மூக்கால உள்ள இழுத்துக்கிறணும். அந்தப் பழக்கம்தான்."

கன்னம் உப்பினால் ஊதத் தெரியாதவன். இத்தனை வருடக் கொட்டகை ஞானம்.

ஒதுங்கியதற்கு அவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன மாமன் மந்தையிலேயே வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார். செட்டைச் சாப்பிடக்கூட விடாமல் அனுப்பியிருக்கிறார். அவர்களுடைய மாஸ்டர் பாயை முதல் டிரம்பெட்டிலிருந்து எடுத்து மூன்றாவது வரிசையில் போட்டுவிட்டார். காரணத்தைச் சொல்லவேண்டியதுதானே என்றேன். "சொன்னா யாருண்ணே நம்புவா? தோத்தவன் சொல்ற சாக்குன்னுதான் சொல்லுவாய்ங்க. வாரேன்ணே, ஒடம்பைப் பாத்துக்கங்க" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னால்தான் நம்பமாட்டார்கள். நான் சொன்னால் நம்புவார்கள். அது எனக்குத் தெரியும். கொட்டகைக்குத் திரும்பினேன். மாரி அதற்குள் என் கதையை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பரப்பியிருந்தார். குடல் இறங்கியும் டிரம்பெட்டை இறக்காதவன் என்று புதியவர்கள் வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு பொய்யைச் சொல்லக்கூட இல்லை பாருங்கள், சும்மா சிரித்துக்கொண்டு இருந்தேன். என் தொழிலில் நான் வெட்கப்படுகிற காரியம் இது ஒன்றுதான். துண்டு கட்டியதற்காகக்கூட நான் வெட்கப்படவில்லை, அது அறியாமை.

ஆறு மாதம் ஊதக்கூடாது என்றார்கள். அந்தப் பெயரை வைத்தே என் இடத்தைக் கொட்டகை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது. ஆறு மாதம் கழித்து வாயில் வைத்தால் கோழி கேறுகிற சத்தம் வந்தது. துண்டு இல்லாமல், முக்காமல் ஊத எனக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கோரிப்பாளையத்தில் பாய் வீட்டுக்குப் போனேன். அவர் கோரைப்பாய் ஒன்றை விரித்து என்னை மல்லாக்கப் படுக்கச் சொன்னார். வயிற்றின்மேல் இரண்டு கிலோ அரிசிப் பையை வைத்தார்.

"மூச்சு எடுத்தா அரிசி மேல ஏறணும். தோளு ஏறக் கூடாது. தொண்டையைக் கொட்டாவி விடுற மாதிரி வச்சுக்கங்க. ஊதும்போது முக்காதீங்க, அதுவா போகும்."

நாற்பத்துமூன்று வயதில் அரிசியை ஏற்றி இறக்கிக்கொண்டு கிடந்தேன். அடுப்படியிலிருந்து பாயின் மனைவி எட்டிப் பார்த்து, "அண்ணே, மூச்சு முடிஞ்சா அந்த அரிசியைக் குடுத்தீங்கன்னா ஒலை வச்சுருவேன்" என்பார். இரண்டு மாதத்தில் எனக்கு மூச்சு வந்தது. முன்னைவிடச் சத்தம் பெரிது, முகம் சிவக்கவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இத்தனை வருடம் நான் சட்டியைக் கட்டிவைத்துவிட்டு அகப்பையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த இரண்டு மாதத்தில் பாய் ஒருநாளும், "கொட்டகையில சொல்லிட்டீங்களாண்ணே?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும், என் பெயர் போகும். அவர் போட்டுக்கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் பெரிய மாமனிடமிருந்து ஆள் வந்தது. தங்கைக்கு இரண்டாவது குழந்தை, பெண், அதற்குக் காதுகுத்து. வாய்க்கால் தகராறு இன்னும் அப்படியேதான். அதே மந்தை, அதே இரண்டு செட்டு. "அதே டிரம்பெட்டு வேணும்னு சொன்னாரு" என்றார் வந்தவர்.

மந்தையில் எதிர்ப்பட்டோம். கோரிப்பாளையத்துச் செட்டில் புது முதல் டிரம்பெட் முன்னால் நின்றார். முப்பது வயதிருக்கும், பயில்வான் உடம்பு. கோட்டுக்குக் கீழே ஈரத்துண்டின் முனை எட்டிப்பார்த்தது. மூன்றாவது வரிசையில், இரண்டு தலைகளுக்கு நடுவில், பாய்.

இருவரும் சுரத்தைப் பிடித்தோம். எனக்கு மூச்சு தாராளமாக இருந்தது. நிதானமாக எதிரே பார்க்க முடிந்தது, அதுதான் வினையாகப் போயிற்று. அந்த ஆளின் முகம் நாவல்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தோள் காது வரைக்கும் ஏறியிருந்தது. சுருதி மெல்ல மேலே ஏறுவது எனக்குக் கேட்டது. இப்போது எனக்கு அது கேட்கும், பாய் கற்றுத்தந்திருந்தார். மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஆளின் முதுகைத்தான் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அன்று என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது. இந்த ஆள் சாகட்டும் என்று நான் இன்னும் பத்து எண்ணிக்கை நிற்கலாம். நின்றால் ஜெயிப்பேன்.

இறக்கினேன்.

எதிர்ப்பக்கம் விசில். எங்கள் பக்கம் டிரம்கூட நின்றுபோனது. பெரிய மாமன் மீசை துடிக்க வந்தார். "ஏன்யா இறக்குன? என்னய்யா ஆச்சு?"

வால்வு மாட்டிக்கொண்டது என்று ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. நல்ல பொய், யாரும் சோதிக்க முடியாது. அதை விழுங்கினேன்.

"மூச்சு வாங்கணும்ணே" என்றேன். என் குரல் எனக்கே அதிகச் சத்தமாகக் கேட்டது. "போன தடவையே வாங்கியிருக்கணும். அன்னைக்கு நான் ஜெயிக்கலண்ணே. எனக்குக் குடல் இறங்கினதைப் பாத்துட்டு, நான் செத்துருவேன்னு அந்தா நிக்கிற பாய்தான் இறக்குனாரு. அவருக்குச் சாயங்காலம் வரைக்கும் மூச்சு இருந்துச்சு. அவரை ஏசி அனுப்பினாங்க, பின்னாடி கொண்டுபோய் நிறுத்துனாங்க. நான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

விசில் நின்றது. சின்ன மாமன் திரும்பி, "பாயி, நெசமாவா?" என்று கேட்டார்.

பாய் மவுத்பீஸைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே, "பழைய கதைண்ணே, விடுங்க" என்றார்.

நான் தலைகுனிந்து நின்றேன். பெரிய மாமன் அடிப்பார் என்று நினைத்தேன். செட்டை வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்புவார், மாரி என்னோடு பேசமாட்டார், இனி அலங்காநல்லூர்ப் பக்கமே தலைகாட்ட முடியாது, இப்படி ஒன்றன்பின் ஒன்றாக மனம் ஓடியது. பெரிய மாமன் துண்டால் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், ரொம்ப நாளைக்குப் பிறகு தம்பியையும் பார்த்தார்.

"மூச்சுதானய்யா வாங்கணும்? வாங்கிக்கிட்டு வாய்யா. இதுக்குப் போயி குடலை விடுவாகளா? புள்ளைக்குக் காது ரெண்டு இருக்கு, எங்கிட்டு ஓடிப்போகப் போகுது?"

இவ்வளவுதான் சொன்னார். மூச்சு வாங்கணும் என்று சொன்னால் கிடைக்கிற இந்த ஒரு பதிலுக்குப் பயந்துதான் டாக்டரை ஏய்த்தேன், மனைவிக்குப் பூண்டுக்குழம்பு வைக்கவிட்டேன், ஒரு நல்ல மனிதரை ஒரு வருடம் மூன்றாவது வரிசையில் நிற்கவைத்தேன். அந்த இடத்திலேயே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்று வலது காது பெரிய மாமன் மடியிலும் இடது காது சின்ன மாமன் மடியிலும் குத்தினார்கள். வாய்க்கால் தகராறு தீர்ந்ததா என்றால், அது கோர்ட்டில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பயில்வான் மந்தை ஓரமாகப் போய்த் துண்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் சொன்னதில் பாதியை நம் கொட்டகை வசதியாக மறந்துவிட்டு, பழைய கதையையே இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது. அது உங்கள் காதுக்கும் வந்துவிட்டது, இனி நீங்களாவது திருத்திச் சொல்லுங்கள்.

இதெல்லாம் அப்புறம் நடந்தவை. பெரிய மாமன் அப்படிச் சொன்னதும் கோரிப்பாளையத்து மாஸ்டர் பின்னால் திரும்பி, தலையை அசைத்துப் பாயை முன்னால் கூப்பிட்டார். பாய் வந்து என் பக்கத்தில் நின்றார். தெரு ஒரே தெரு, இரண்டு செட்டும் சேர்ந்தே போகலாம் என்று ஆயிற்று. மாரி டிரம் குச்சியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொன்னேன். இரண்டு செட்டுக்காரர்கள், இரண்டு மாமன்கள், பழத்தட்டுப் பெண்கள், மந்தையில் நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால், அவசரப்படாமல், வயிறு நிறைய ஒரு மூச்சு வாங்கினேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.